காய்ச்சலை யாரிடம் சொல்ல வேண்டும்?

தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல் என்றால் உடனே திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு. தப்பில்லை, ஆனால் சுற்றுவழி. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகச் சொல்கிறேன், அரசு மருத்துவம் ஒரே அலுவலகம் கிடையாது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) டீன், அம்பாசமுத்திரம் மாதிரி ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கு நலப்பணிகள் இணை இயக்குநர், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலர், பழைய பெயரில் துணை இயக்குநர் (நாங்கள் இன்னும் 'டிடி' என்றுதான் சொல்கிறோம்). மாநகராட்சிக்குள் மாநகர் நல அலுவலர் தனி.

முதல் இருவரும் வந்த நோயாளியைப் பார்க்கிறார்கள். டிடி அலுவலகம் ஊரைப் பார்க்கிறது. கொசு ஒழிப்புக்கும் தொற்றுநோய்த் தகவலுக்கும் 1939-லேயே சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் தகவல் வந்தால்தானே சட்டம் வேலை செய்யும்? நம்மூரில் காய்ச்சலுக்கு முதலில் மெடிக்கலில் ரெண்டு மாத்திரை, அப்புறம் தனியார் ஆஸ்பத்திரி, டெங்கு என்று ரிசல்ட் வந்தாலும் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. 2012-இல் திருநெல்வேலி மாவட்டம் டெங்குவில் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்க மாட்டார்கள்.

தகவல் வந்துவிட்டால் சுகாதார ஆய்வாளர் ஆட்களோடு அந்த வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் பார்க்கிறார், டார்ச் அடித்துத் தொட்டிக்குள் கொசுப்புழு தேடுகிறார், புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுகிறார், இல்லையென்றால் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார். அங்கேதான் சண்டை. "எட்டு நாளைக்கு ஒருக்க வார தண்ணி, அதையும் கொட்டச் சொல்லுதியளே?" என்று ஒரு ஆச்சி கேட்டார்கள். நியாயமான கேள்வி, குடிநீர் ஒழுங்காக வராததற்கு டிடி அலுவலகம் பதில் சொல்ல முடியாது, கொசு வந்தால் மட்டும் சொல்லியாக வேண்டும்! ஆனால் கொட்டினால் மட்டும் போதாது ஆச்சி, முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நார் போட்டு உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டும், அப்புறம் துணி கட்டி மூட வேண்டும். டெங்கு கொசு ரொம்ப தூரம் பறக்காது, கடித்தது பெரும்பாலும் உங்கள் தெருவில் பிறந்ததுதான்.

ஆகவே தனியாரில் வைத்தியம் பார்த்தாலும் சரி, உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன் போடுங்கள். எண் தெரியாவிட்டால் துணை சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அங்கே யாரும் இல்லையென்றால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண். கலெக்டரிடம் கொடுக்கும் மனுவும் கடைசியில் டிடி மேஜைக்குத்தான் வரும், அதற்குள் தொட்டியில் உள்ள புழு கொசுவாகிவிடும், ஒரு வாரம் பத்து நாள்தான் அதற்கு.