நுரையீரலை உயிரோடு இருக்கும்போதே தானம் கொடுக்கலாமா?

சட்டப்படி கொடுக்கலாம். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோரை நெருங்கிய உறவாக ஏற்கிறது. 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் சேர்ந்தார்கள். சித்தப்பா, அத்தை மகன், மருமகள் எல்லாம் இதில் வரமாட்டார்கள். நம் ஊர்க் கணக்கில் இது விசித்திரம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

பட்டியலுக்கு வெளியே உள்ளவர் கொடுக்க வந்தால் உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு உட்காரவைத்துக் கேட்கும். இருவரும் சேர்ந்து எடுத்த பழைய போட்டோ இருக்கிறதா, எத்தனை வருடப் பழக்கம், மூன்று நிதியாண்டு வருமானத்துக்குச் சான்று எங்கே என்று தோண்டுவார்கள். வாங்குகிறவர் வசதியானவராகவும் கொடுக்கிறவர் கஷ்டப்படுகிறவராகவும் இருந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும். உறுப்பை விலைபேசினால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். புரோக்கர் யாராவது போனில் பேசினால் அப்போதே வைத்துவிடுங்கள்.

மத்திய அரசு ஊழியர் தானம் கொடுத்தால் 42 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு, 2023-இல் வந்த உத்தரவு. அரசிடம் பதிவு பெற்ற மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும்.

சரி, நுரையீரலுக்கு வருவோம். இதில் ஒருவர் கொடுத்தால் பெரும்பாலும் போதாது. இரண்டு பேர் வேண்டும், ஒருவரிடமிருந்து வலப்பக்கக் கீழ் மடல் (நுரையீரலின் கீழ்ப் பகுதி), இன்னொருவரிடமிருந்து இடப்பக்கக் கீழ் மடல். கல்லீரல் மாதிரி திரும்ப வளராது, போனது போனதுதான். ஒரு நோயாளிக்காக ஒரே நேரத்தில் மூன்று பேரை அறுவை மேசையில் படுக்கவைக்க வேண்டும். 2021 ஏப்ரலில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில், கோவிடால் நுரையீரல் செயலிழந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய கணவரும் மகனும் இப்படித்தான் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 11 மணி நேரம் ஆனது. ஜப்பானில் மூளைச்சாவு தானம் குறைவு, அதனால்தான் இந்த முறை அங்கே வேரூன்றியது.

நம் நாட்டில் நுரையீரல் வழக்கமாக மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்துதான் வருகிறது. அதனால் வீட்டில் யார் கொடுப்பது என்று பேசிக்கொண்டு நாளைக் கடத்தாமல், உரிமம் பெற்ற மருத்துவமனை மூலம் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது டிரான்ஸ்டான் என்ற மாநில உறுப்பு மாற்று ஆணையம். அந்தந்த மாநிலத்துக்காரராக இருந்தால்தான் பதியலாம் என்ற நிபந்தனையையும் 65 வயது வரம்பையும் 2023-இல் மத்திய அரசு எடுத்துவிட்டது, பதிவுக் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. பதிந்ததும் நோட்டோ என்ற தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் அடையாள எண் ஒன்று கிடைக்கும், அதைப் பத்திரமாக வையுங்கள். நடுவில் மருத்துவமனை மாறினாலும் அதே எண்தான்.