பின்னணி த்ரெட் திரையைத் தொட வேண்டாம்

கோப்புகளைப் பதிவிறக்கும் ஒரு ஆண்ட்ராய்டு ஆப் மாதக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று சிலருக்கு மட்டும் கிராஷ் ஆவதாக அறிக்கைகள் வரத் தொடங்கின. எங்கள் கையிலிருந்த எந்தப் போனிலும் அது வரவில்லை. அறிக்கையில் இருந்தது 'கால்டுஃபிரம்ராங்த்ரெட்எக்செப்ஷன்'. த்ரெட் என்பது ஆப்புக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை வரிசை. திரையை மாற்ற மெயின் த்ரெட் ஒன்றுக்குத்தான் அனுமதி. அதாவது, தவறான த்ரெட் திரையைத் தொட்டிருக்கிறது.

ஆப்பின் நிரலை, அதாவது கோடை, திறந்து பார்த்தேன். பதிவிறக்கம் நடக்கும் அதே த்ரெட்டில் இருந்து, கோப்பின் பெயரை நேராக டெக்ஸ்ட்வியூவில் (திரையில் எழுத்தைக் காட்டும் பெட்டி) எழுதியிருந்தோம். அப்படியானால் எல்லாருக்கும் அல்லவா கிராஷ் ஆகியிருக்க வேண்டும்? அங்கேதான் விஷயம் இருந்தது. அந்த டெக்ஸ்ட்வியூவின் அகலம் மாறாதது. பெயர் ஒரே வரியில் அடங்கினால் உயரமும் மாறாது. எழுத்தை மட்டும் திரும்ப வரைந்தால் போதும். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் அந்த வழியில் எந்த த்ரெட் என்ற சோதனை நடப்பதில்லை. பெயர் நீண்டு இரண்டாம் வரிக்குப் போனால் உயரம் மாறும், திரை அமைப்பைத் திரும்பக் கணக்கிடச் சொல்லும் 'ரிக்வெஸ்ட்லேஅவுட்' கூப்பிடப்படும், அது மேலே, எல்லா வியூக்களுக்கும் வேராக இருக்கும் வியூரூட்இம்ப்ள் வரை போகும். அங்கே சோதனை உண்டு. உடனே ஆப் விழும். நாங்கள் சோதித்த கோப்புகள் எல்லாவற்றுக்கும் சின்னச் சின்னப் பெயர்கள்.

இதனால்தான் "என் போனில் ஓடுகிறதே" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. திரை உருவாகத் தொடங்கும்போது ஓடும் ஆன்கிரியேட்டுக்குள் ஒரு த்ரெட்டைத் தொடங்கி உடனே திரையை மாற்றினாலும் பல நேரம் தப்பித்துவிடும். சோதனை செய்யும் வியூரூட்இம்ப்ள் அப்போது உருவாகியே இருக்காது. அதே வேலை அரை நொடி தாமதமானால் கிராஷ். கிராஷ் ஆகவில்லை என்பதற்காகக் கோடு சரி என்று ஆகிவிடாது.

திரைக்கு ஒரே த்ரெட் என்று ஏன் வைத்தார்கள்? திரையில் உள்ள ஒவ்வொரு வியூவுக்கும், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொடும்படி ஒரு பூட்டுப் போட்டால் எத்தனை த்ரெட் வேண்டுமானாலும் தொடலாமே என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். விரல் பட்ட செய்தி இயங்குதளத்தில் இருந்து ஆப்பை நோக்கி மேலே வருகிறது. நாம் போடும் மாற்றம் ஆப்பில் இருந்து இயங்குதளத்தை நோக்கிக் கீழே போகிறது. இரண்டும் எதிரெதிர் வரிசையில் பூட்டுகளைப் பிடிக்கும். ஒன்று வைத்திருக்கும் பூட்டுக்காக மற்றொன்று காத்து, இரண்டும் அப்படியே உறைந்துவிடும். பூட்டே வேண்டாம், ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வோம் என்பதுதான் ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் எடுத்த முடிவு.

ஐஓஎஸ்ஸில் இதே தவறு பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். இணையத்தில் இருந்து தரவைக் கொண்டுவரும் யூஆர்எல்செஷன் பதிலை வழக்கமாகப் பின்னணியில்தான் தரும். அங்கிருந்தே லேபிளை மாற்றினால் தரவு வந்து சில நொடிகள் கழித்து எழுத்து மாறும், அல்லது திரையைத் தொட்ட பிறகு மாறும். சர்வர் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆப்பிளுக்கான ஆப்களை எழுதும் கருவியான எக்ஸ்கோடில், 2017-இல் வந்த 9-ஆம் பதிப்பில் இருந்தே, இந்தத் தவறைக் கண்டு எச்சரிக்கும் மெயின் த்ரெட் செக்கர் இருக்கிறது. எச்சரிக்கைகள் தொல்லையாக இருக்கின்றன என்று அதை அணைத்து வைக்காதீர்கள், தயவுசெய்து.

சரி, எல்லாவற்றையும் மெயின் த்ரெட்டுக்கே கொண்டுபோய்விடலாமா? அதுவும் ஆபத்து. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமை (திரையின் ஒரு படத்தை) வரையக் கிடைப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். 120 ஹெர்ட்ஸில் அதில் பாதி. சர்வர் அனுப்பும் பெரிய ஜேசன் தரவைப் பிரிக்கும் வேலையை அங்கே வைத்தால் ஸ்க்ரோல் திக்கும். விரல் பட்டதற்கு 5 நொடி வரை பதில் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு ஏஎன்ஆர் (ஆப் பதிலளிக்கவில்லை) என்று அறிவித்துவிடும். கோட்லினில் நான் செய்வது இதுதான்: படிப்பது, பிரிப்பது, கணக்கிடுவது எல்லாம், வேலையை வேறு த்ரெட்டுக்கு மாற்றும் 'வித்கான்டெக்ஸ்ட்'டுக்குள், டிஸ்பேட்சர்ஸ்.ஐஓ அல்லது டிஃபால்ட் என்ற பின்னணி த்ரெட்களில் முடிந்துவிடும். மெயினுக்கு வருவது காட்டத் தயாரான முடிவு மட்டும். ஐஓஎஸ்ஸுக்கான ஸ்விஃப்டில், திரைக்கான தரவை வைத்திருக்கும் வியூமாடலுக்கு, மெயின் த்ரெட்டில் மட்டும் ஓடு என்று சொல்லும் மெயின்ஆக்டர் குறியைப் போட்டுவிட்டால் பல தவறுகளைக் கம்பைலரே பிடித்துவிடும்.

த்ரெட் சரியாக இருந்தும் திரை தவறாவது உண்டு. பட்டியலை வேகமாக ஸ்க்ரோல் செய்யும்போது, மேலே போய் மறைந்த வரிசையையே, ஆண்ட்ராய்டில் பட்டியலைக் காட்டும் ரீசைக்கிளர்வியூ கீழே திரும்பப் பயன்படுத்தும். பழைய வரிசைக்காகக் கேட்ட படம் தாமதமாக வந்தால், மெயின் த்ரெட்டிலேயே வந்தாலும், இன்னொருவர் பெயருக்குப் பக்கத்தில் போய் உட்காரும். படத்தை வைக்கும் முன், அந்த வரிசை இப்போது யாருக்கு உரியது என்று ஒருமுறை ஒப்பிட வேண்டும்.

அப்புறம், பதில் வருவதற்குள் பயனர் அந்தத் திரையை விட்டே போயிருக்கலாம். ஃபிராக்மென்ட்டில் (ஆண்ட்ராய்டு திரையின் ஒரு பகுதி) வேலையைத் தொடங்கும்போது அதை, அந்த வியூவின் ஆயுளோடு கட்டுண்ட வியூலைஃப்சைக்கிள்ஓனரின் ஸ்கோப்பில் தொடங்குங்கள். வியூ அழியும்போது அந்த வேலையும் (கோட்லினில் கோரூட்டீன்) ரத்தாகும். இல்லாத லேபிளைத் தேடிப் போகாது.