பிற்பகல் 2:14-க்குத் திரும்புவது எப்படி?

பிற்பகல் 2:15. டெலிட் கட்டளையில் நிபந்தனை விடுபட்டுப்போய், ஆர்டர் டேபிள் முழுக்கக் காலி. கையில் இருப்பது அதிகாலை 1 மணிக்கு எடுத்த பேக்கப். அதை ஏற்றினால் 13 மணி நேர ஆர்டர்கள் போய்விடும். முதன்மை சர்வரை அப்படியே பின்தொடரும் ரெப்ளிகா சர்வரும் கைகொடுக்காது; அந்த டெலிட் சில நொடிகளில் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கும். வேண்டியது 2:14-இன் நிலை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அதைத் திரும்பப் பெறலாம், ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் லாக்கைச் சேமித்து வைத்திருந்தால்.

போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் டேபிள் கோப்புக்கு முன் லாக்கில்தான் எழுதுகிறது. லாக் டிஸ்க்கில் பதிந்த பிறகே கமிட் ஆனதாக, அதாவது மாற்றம் உறுதியானதாகச் சொல்கிறது. இந்த லாக் 16 எம்பி துண்டுகளாகச் சேர்கிறது. 'இன்ன கோப்பில், இன்ன எண்ணுள்ள 8 கேபி பக்கத்தில், இந்த மாற்றம்' என்பதே அதன் மொழி. தரவை வெளியே எழுதித்தரும் பிஜி_டம்ப் கருவி எடுத்த நகலின்மேல் லாக்கை ஓட்ட, அதாவது அதிலுள்ள மாற்றங்களை மறுபடி செய்ய, முடியாததற்குக் காரணமும் இதுதான். டம்ப்பில் இருப்பவை வரிசைகள் மட்டும். ஏற்றும்போது புதிய கோப்புகள் உருவாகும், பழைய பக்க எண்கள் பொருந்தாது.

கோப்புகளையே நகலெடுப்பது பிஜி_பேஸ்பேக்கப். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுப்பதால், முதல் கோப்பு 1 மணி நிலையிலும் கடைசிக் கோப்பு 3 மணி நிலையிலும் இருக்கலாம். ஒரே பக்கத்தின் பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும்கூட இருக்கலாம். இப்படிப்பட்ட நகலை எப்படி நம்புவது? நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டேபிள் கோப்புகளில் எழுதி முடிக்கும் செக்பாயின்ட்டுக்குப் பின் ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது, அந்தப் பக்கம் முழுவதும் லாக்கில் எழுதப்படுகிறது. மீட்கும்போது அந்த முழுப் பக்கம் கிழிந்த பக்கத்தின்மேல் பதிந்து சரிசெய்துவிடும். என் பார்வையில் இந்த அமைப்பின் மிக அழகான பகுதி இதுதான்.

பெரும்பாலும் கோளாறு வருவது லாக்கைச் சேமிக்கும் இடத்தில். நிறைந்த துண்டை வேறிடத்துக்கு அனுப்பும் வேலை ஆர்க்கைவ்_கமாண்டுடையது. அது 0 (வெற்றி என்று பொருள்) திருப்பினால் துண்டு பத்திரம் என்று நம்பி, சர்வர் தன்னிடம் உள்ளதை அழித்துவிடும். நகல் தோற்றாலும் 0 திருப்பும் ஸ்கிரிப்ட் இருந்தால் சங்கிலியில் ஓட்டை விழும். மீட்பு அந்த ஓட்டையைத் தாண்டாது. எப்போதும் பிழையே திருப்பினாலோ, துண்டுகள் குவிந்து டிஸ்க் நிறைந்து சர்வரே நின்றுபோகும். வேலை குறைந்த தரவுத்தளத்தில் 16 எம்பி நிறைய மணிக்கணக்கில் ஆகும். ஆர்க்கைவ்_டைம்அவுட்டை 60 நொடி என வைத்தால், நிறையாத துண்டும் நிமிடத்துக்கொருமுறை வெளியேறும்.

பேக்கப் தோற்பது சத்தமில்லாமல் நடக்கும். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லாப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டன. தேடியபோது தினசரி டம்ப்கள் இல்லை. போஸ்ட்கிரெஸ் 9.6 சர்வரை 9.2 பதிப்பு பிஜி_டம்ப்பால் எடுக்க முயன்று, தினமும் பிழையோடு நின்றிருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்க்கின் அந்நேர நகல்) காப்பாற்றியது.

இனி 2:14-க்கு வருவோம். ஓடும் சர்வரின்மேல் கை வைக்காதீர்கள். பேக்கப்பை வேறொரு கணினியில், அதே முதன்மைப் பதிப்பு போஸ்ட்கிரெஸ்ஸில் விரியுங்கள். லாக் துண்டுகளை எங்கிருந்து எடுப்பது என்று ரிஸ்டோர்_கமாண்டிலும், நிற்க வேண்டிய நேரத்தை ரெக்கவரி_டார்கெட்_டைமிலும் கொடுங்கள். நேர மண்டலத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அதை விட்டுவிட்டு சில மணி நேரம் தள்ளிப்போய் நிற்பவர்கள் ஏராளம். ரெக்கவரி.சிக்னல் என்ற காலிக் கோப்பை வைத்து (12-ஆம் பதிப்பு முதல்) சர்வரைத் தொடங்குங்கள். குறித்த நேரம் வந்ததும் அது இடைநிறுத்தத்தில் நிற்கும், படிக்க மட்டும் விடும். டேபிளை எண்ணிப் பாருங்கள். சீக்கிரமே நின்றுவிட்டால் நேரத்தைத் தள்ளி மீண்டும் தொடங்கலாம். டெலிட்டைத் தாண்டிவிட்டால் பின்னோக்கி வர வழியில்லை. பேக்கப்பை மறுபடி விரிக்க வேண்டும்.

இடைநிறுத்தத்தில் இருக்கும்போதே அந்த டேபிளை மட்டும் தரவாக டம்ப் எடுத்து ஓடும் சர்வரில் ஏற்றிவிடலாம். டெலிட் செய்தாலும், ஆர்டர் எண்களை வரிசையாகத் தரும் சீக்வென்ஸ் பின்னால் போவதில்லை என்பதால், 2:15-க்குப் பின் வந்த ஆர்டர்களின் எண்களோடு மோதாது. கேஸ்கேட் வைத்திருந்தால் ஆர்டரோடு அதன் உருப்படிகளும் அழிந்திருக்கும். அவற்றையும் எடுத்து, ஆர்டர்களை முதலிலும் உருப்படிகளைப் பிறகும் ஏற்றுங்கள். மாற்றி ஏற்றினால் ஃபாரின் கீ (உருப்படிக்கு அதன் ஆர்டர் இருந்தாக வேண்டும் என்ற விதி) தடுக்கும்.