வானியல் அலகு: சொல்லும் அளவும்

கோள்கள் கதிரவனிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதைக் குறிக்க வானியலார் கையாளும் அளவின் பெயர் ‘வானியல் அலகு’. ஆங்கிலத்தில் இது அஸ்ட்ரோனாமிகல் யூனிட். கதிரவனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தொலைவான ஏறத்தாழ 14.96 கோடி கி.மீ. இங்கே ஒன்று எனக் கொள்ளப்படுகிறது. இக்கணக்கின்படி புதன் 0.39, வெள்ளி 0.72, செவ்வாய் 1.52, வியாழன் 5.2, சனி 9.5, யுரேனஸ் 19.2, நெப்டியூன் 30.1 வானியல் அலகுத் தொலைவில் கதிரவனைச் சுற்றுகின்றன.

ஆங்கிலப் பெயரின் முற்பகுதி, விண்மீனையும் ஒழுங்குமுறையையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. ‘யூனிட்’ என்பது, ஒன்று எனப் பொருள்படும் இலத்தீன் வேரைக் கொண்டு 1570-இல் ஜான் டீ என்ற ஆங்கிலேயக் கணிதர் வழக்கிற்குக் கொண்டுவந்த சொல். நமது ‘அலகு’ அதைவிட மிகவும் பழையது, பொருளும் பல. தருமபுரிப் பக்கம் தைப்பூசத்தன்று அலகு குத்திக்கொண்டு வருவோரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அலகு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கூரிய கம்பிதான். அடுத்தது கிளியின் மூக்கு. ‘அலகுடை நீழலவர்’ என்று உழவரைக் குறள் சொல்லும்போது அது நெற்கதிர். எண்ணிக்கை, அளவு என்ற பொருளும் இச்சொல்லுக்கு நெடுங்காலமாக உண்டு: செய்யுளைச் சீர் சீராகப் பிரித்து வாய்பாடு கூறுவதை யாப்பில் ‘அலகிடுதல்’ என்கிறோம், கம்பர் தம் காப்பியத்தின் முதற்செய்யுளில் ‘அலகிலா விளையாட்டு’ என்றதும் அளவற்றது என்ற பொருளில்தான். ஆகவே பாடநூல்கள் ‘யூனிட்’டுக்கு அலகு என்று எழுதியது புதுச் சொல்லை ஆக்கிய செயலன்று, இருந்த சொல்லை அதன் பொருளிலேயே எடுத்தாண்ட செயல்.

கிலோமீட்டர் இருக்கையில் இப்படி ஒரு தனி அலகு ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, எண்கள் மிகப் பெரியவை என்பது. அது பாதி விடைதான். கோள்களின் தொலைவுகள் ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் உள்ளன என்பது, அவை எத்தனை மைல் என்று சரிவரத் தெரிவதற்கு வெகு காலம் முன்பே தெரிந்துவிட்டது. அலகு பிறந்த காரணம் அதுவே. ஒரு கோள் கதிரவனைச் சுற்றிவர எடுக்கும் ஆண்டுகளின் வர்க்கம், அதன் தொலைவின் கனத்துக்குச் சமம் என்ற விதியை ஜோகன்னஸ் கெப்ளர் 1619-இல் வெளியிட்டார். வியாழனுக்கு 11.86 ஆண்டு, அதன் வர்க்கம் சுமார் 140.7, அதன் கனமூலம் 5.2. பூமியின் தொலைவை ஒன்று என வைத்துக்கொண்டால் வியாழனின் தொலைவு, ஓர் அளவுநாடாவும் இன்றி, தாளிலேயே கிடைத்துவிடுகிறது. அந்த ‘ஒன்று’ எத்தனை மைல் என்பதுதான் தெரியாமல் நின்றது.

1672-இல் செவ்வாயைப் பாரிசிலிருந்து காசினியும் தென்னமெரிக்காவின் கயேனிலிருந்து ரிஷேயும் ஆகிய வானியலார் ஒரே காலத்தில் நோக்கி, இரு இடங்களிலிருந்தும் அது தெரிந்த திசையின் வேறுபாட்டைக் கணக்கிட்டபோது, அந்த ‘ஒன்று’க்கு ஏறத்தாழ 14 கோடி கி.மீ. என்ற மதிப்பு கிடைத்தது. வெள்ளி கதிரவனின் முகத்தைக் கடக்கும் நிகழ்வைப் பல நாடுகளிலிருந்து அளந்தால் இன்னும் துல்லியம் கிடைக்கும் என்று எட்மண்ட் ஹாலி எடுத்துரைத்தார். அவர் சொன்ன வழியை நம்பிப் பிரான்சிலிருந்து புறப்பட்டவர்தான் லெ ஜென்தி. 1761-இல் போரின் காரணமாகப் புதுச்சேரியில் இறங்க முடியாமல் நடுக்கடலில் அந்நிகழ்வைத் தவறவிட்டார். அடுத்த கடப்புக்காக எட்டாண்டு காத்திருந்து, புதுச்சேரியிலேயே நோக்ககம் அமைத்து ஆயத்தமானார். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் மறைத்துவிட்டது. பிறர் எடுத்த அளவுகளைக் கொண்டு 1771-இல் பிரெஞ்சு வானியலார் லாலாண்ட் கணித்தது 15.3 கோடி கி.மீ.; இன்றைய மதிப்புக்கு அது வியக்கத்தக்க அளவு நெருக்கம். 1961-இல் வெள்ளியை நோக்கி ரேடார் அலைகளை அனுப்பி எதிரொலியின் நேரத்தை அளந்தபின் ஐயம் பெரிதும் நீங்கியது.

2012-ஆம் ஆண்டு இச்சொல்லின் பொருளே மாறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் பெய்ஜிங்கில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், ஒரு வானியல் அலகு என்பது 1,49,59,78,70,700 மீட்டர் என, அதாவது 14,95,97,870.7 கி.மீ. என நிலையாக வரையறுத்தது. பூமி ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 14.71 கோடி கி.மீ. வரை நெருங்குகிறது, ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடி கி.மீ. வரை விலகுகிறது, அலகோ அசையாது. ஆகவே ‘பூமி இன்று கதிரவனிலிருந்து சரியாக ஒரு வானியல் அலகில் உள்ளது’ என்று ஆண்டு முழுவதும் எழுதுவது பிழை.

அளவை மனத்தில் இருத்த, தருமபுரி பேருந்து நிலையத்தில் கதிரவனை வைத்து, ஓர் அலகை ஒரு கிலோமீட்டராக்கிப் பென்னாகரம் சாலையில் புறப்படலாம். கதிரவன் 9.3 மீட்டர் அகலமுள்ள உருண்டை; ஒரு கிலோமீட்டரில் பூமி, நடுத்தர மாம்பழம் அளவில் 8.5 செ.மீ. சனி இண்டூரை எட்டாமலே நின்றுவிடும், யுரேனஸ் அதைத் தாண்டியிருக்கும், நெப்டியூன் பென்னாகரத்தை ஒட்டி இருக்கும். மிக அருகிலுள்ள விண்மீனுக்கு இந்தச் சாலை போதாது. அது சுமார் 2.68 லட்சம் அலகுத் தொலைவில் உள்ளதால் அங்கே, ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவான ‘ஒளி ஆண்டு’ என்ற அளவே பொருத்தம். ஓர் ஒளி ஆண்டில் ஏறத்தாழ 63,241 வானியல் அலகு அடங்கும்.

‘வானியல் அலகு’ சொல்லுக்குச் சொல் சரியான ஆக்கமே என்றாலும், அது எதன் தொலைவு என்பதைத் தன் பெயரில் காட்டுவதில்லை. ஆங்கிலப் பெயருக்கும் அதே குறை உண்டு. ‘ஞாயிற்றுத் தொலைவலகு’ போன்ற ஒன்று இன்னும் தெளிவாக இருந்திருக்கும். ஆயினும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வரை பழகிவிட்ட பெயரை இனி மாற்றுவதில் பயனில்லை. எழுதும்போது ‘5.2 வானியல் அலகு’ என ஒருமையில் எழுதினால் போதும். எண் முன்வந்துவிட்டபின் ‘அலகுகள்’ என்று நீட்ட வேண்டியதில்லை. சுருக்கமாக ‘வா.அ.’ என்று குறிப்பதானால், கட்டுரையில் முதல் முறை வரும்போது முழுப் பெயரையும் தருவது நல்லது.