கடலூர் பின்கோடுக்குள் இரண்டு வர்க்கங்கள்

கடலூரின் பின்கோடு 607001 பகா எண்ணா, அப்படியானால் அதில் வேறென்ன விசேஷம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பகா எண்தான். 780-இன் வர்க்கம் 608400. அதனால் 780-க்குக் கீழே உள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதனாலும் மீதியின்றி வகுபடாது.

ரசிக்க வேண்டியது இனிமேல்தான். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், அதுவும் ஒரே விதத்தில். 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா சொன்ன இதை, நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து சுவிஸ் கணிதர் ஆய்லர் நிரூபித்தார். 607001-உம் இந்த வகைதான்.

அந்த இரண்டு வர்க்கங்களைக் காண, முதலில் எந்த எண்ணின் வர்க்கத்தோடு 1 கூட்டினால் 607001-ஆல் வகுபடும் என்று கண்டுபிடிக்க வேண்டும். 607000-இல் கால் பங்கு 151750. 3-ஐ அத்தனை அடுக்குக்கு உயர்த்தி 607001-ஆல் வகுத்தால் மீதி 144607. அதுதான் நமக்கு வேண்டிய எண். 17 முறை வர்க்கப்படுத்தி, இடையிடையே 3-ஆல் பெருக்கி, ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். மீதிக்குக் குறுக்குவழி உண்டு: 607000-ஆல் வகுத்து, வரும் மீதியிலிருந்து ஈவைக் கழியுங்கள். நடுவில் 12 இலக்கம் வரை போகும். 10 இலக்கக் கால்குலேட்டரில் கடைசி இலக்கங்கள் போய்விடும், பிறகு விடை வராது. 3-க்குப் பதில் 2-ஐ எடுத்தாலும் பயனில்லை. 607001 போல 8-ஆல் வகுத்து மீதி 1 வரும் பகா எண்ணில் 2 கடைசியில் 1-ஐயோ 607000-ஐயோதான் தரும்.

இப்போது மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) காண்பதுபோல 607001-ஐ 144607-ஆல் வகுங்கள். மீதி 28573. 28573-ஆல் 144607-ஐ வகுத்தால் மீதி 1742. அடுத்து 701, அதற்கடுத்து 340. 780-க்குக் கீழே இறங்கிய முதல் இரண்டு மீதிகளோடு நிறுத்திவிடுங்கள்.

701-இன் வர்க்கம் 491401. 340-இன் வர்க்கம் 115600. கூட்டினால் 607001!

இது எப்படி நடக்கிறது? வகுத்த படிகளைப் பின்னோக்கிக் கோத்தால், 81 × 607001-இலிருந்து 340 × 144607-ஐக் கழித்தது 701 என்று வரும். இருபுறமும் வர்க்கப்படுத்துங்கள். 607001-ஆல் வகுக்கும்போது 144607-இன் வர்க்கம் −1 போல நடந்துகொள்வதால் (அதோடு 1 கூட்டினால் மீதியின்றி வகுபடும் அல்லவா), 701, 340 இரண்டின் வர்க்கக் கூட்டல் 607001-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். இரண்டுமே 780-க்குள் என்பதால் கூட்டல் 607001-இன் இரு மடங்கை எட்டாது. மிச்சமிருப்பது ஒரே மடங்கு. கணிதத்தில் இதைவிட அழகான இறுக்கம் அரிது.

எண்கணித ஜோதிடர்களிடம் கொடுத்தால் இலக்கங்களைக் கூட்டி 14, பிறகு 5 என்பார்கள். அது 9-ஆல் வகுத்த மீதி, அவ்வளவுதான். இதை நம்பிக் குழந்தையின் பெயரை மாற்றப் பணம் கொடுப்பது வருத்தமான விஷயம்.

புதுச்சேரியின் 605001 என்ன ஆகும்? இதிலும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும், ஆனால் இது 3 × 201667. எந்த வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. எனவே இரு வர்க்கங்களின் கூட்டல் 3-ஆல் வகுபட்டால், இரண்டு எண்களுமே 3-இன் மடங்காக இருக்க வேண்டும். கூட்டல் 9-ஆலும் வகுபட வேண்டும். 605001 அப்படி வகுபடாது. அதற்கு மூன்று வர்க்கங்கள் தேவை: 550-இன் வர்க்கம் இரண்டு முறை, கூடவே 1.