உங்கள் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா?

“எல்லாரையும் பாஸ் போட்டுவிடுகிறீர்கள், அப்புறம் பிள்ளை எப்படி சார் படிக்கும்?” ஆசிரியர் பயிற்றுநராகப் பள்ளி பள்ளியாகப் போகும் என்னிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். 2009 கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019 திருத்தம், ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்கலாமா என்பதை அரசுகளின் முடிவுக்கு விட்டது. தமிழ்நாட்டில் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்துவிட்டு, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் ஆல் பாஸ் பக்கமே நிற்கிறது.

என்னைக் கேட்டால், எட்டாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளை பெரும்பாலும் இரண்டாம் வகுப்பிலேயே தடுமாறத் தொடங்கிவிடுகிறது. அங்கே யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பாடம் வாசிக்கச் சொன்னால் கடகடவென்று ஒப்பிக்கும். அம்மாவுக்குப் பெருமை தாங்காது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்று கேளுங்கள். சில பிள்ளைகள் மறுபடியும் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சொல்வரை வருவார்கள். எழுத்தை இன்னும் பிடிக்கவில்லை, பாடம் முழுக்க மனப்பாடம். கணக்கிலும் இப்படித்தான். 52-இல் 37-ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. 2-இல் 7 போகாது என்றதும், தலைகீழாக 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கெல்லாம் சரியாக வரும் என்பதால் மதிப்பெண் பாதிக்குப் பாதி கிடைத்துவிடும். குருட்டாம்போக்கில் விடை தேர்ந்தெடுக்கும் பிள்ளையும் அதிர்ஷ்டம் இருந்தால் அதே மதிப்பெண்ணைத் தொட்டுவிடலாம். செயலியில் நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும் தேர்வில் இந்த வித்தியாசம் தெரியாது. பிள்ளையின் நோட்டைப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அடுத்த கல்வியாண்டில் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டு, என்ன தெரியும் என்பதைப் பார்த்து அரும்பு (முதல் படி), மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முறை. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை எனக்குத் தெரிந்து இல்லை. மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலைப் பிள்ளை இருப்பதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

குறை வேறு இடத்தில். மதிப்பீட்டு விவரம் செயலி வழியாக மேலே போய்விடுகிறது. அம்மா அப்பாவிடம் வந்து சேருவதில்லை. எந்த நிலை என்று ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள், சொல்வார். வீட்டிலும் பார்க்கலாம்: இதுவரை நடத்தாத பக்கம் ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள், கடன் வாங்கும் கழித்தல் இரண்டைப் போடச் சொல்லுங்கள். தப்பு வந்தால் திட்ட வேண்டாம், “எப்படிப் போட்டாய்?” என்று மட்டும் கேளுங்கள்.

இந்த இடைவெளியோடு பெரிய வகுப்புக்குப் போய்விட்டவர்களுக்காக 2025-இல் ‘திறன்’ திட்டம் தொடங்கியது. ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களில் அடிப்படை தெரியாதவர்களைக் கண்டறிந்து தனிப் பயிற்சி தருகிறார்கள். “என் பிள்ளையை மக்குக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்” என்று தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் நான் பார்த்த கூட்டங்களில் பேச்சு பெரும்பாலும் கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீரோடு முடிந்துவிடுகிறது. அவையும் தேவைதான். அடுத்த கூட்டத்தில், மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலையில் எத்தனை பேர், பருவத் தொடக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.