வெறும் வோல்ட்டைப் பார்த்து என்ன செய்ய?

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீடு, லைனில் கடைசிக் கம்பத்து வீடு. ஹீட்டரைப் போட்டால் கூடத்துக் குண்டு பல்பு மங்கும். பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தேன், 220 வோல்ட். சரியாகத்தானே இருக்கிறது என்றதும் வயரிங் அண்ணாச்சி சிரித்தார். "வெறும் வோல்ட்டைப் பாத்து என்ன செய்ய தம்பி? லோடு குடுத்துப் பாக்கணும்லா."

ஹீட்டரைப் போட்டோம். வோல்டேஜ் 210க்கு இறங்கியது. கிளாம்ப் மீட்டர் 10 ஆம்பியர் காட்டியது. 10 ஆம்பியர் ஓடும்போது 10 வோல்ட் காணாமல் போகிறது என்றால், வரும் வழியில் 1 ஓம் மின்தடை இருக்கிறது என்று பொருள்.

அண்ணாச்சி செய்ததற்குப் பாடப்புத்தகத்தில் தெவனின் தேற்றம் என்று பெயர். லியோன் தெவனின் பிரான்சில் தந்தித் துறைப் பொறியாளர். 1883இல் இதை வெளியிட்டார். (ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 30 வருஷம் முந்தியே சொல்லிவிட்டார், பெயர் என்னவோ இவருக்குத்தான் நிலைத்தது.) உள்ளே எத்தனை பேட்டரி, எத்தனை மின்தடை பின்னிக் கிடந்தாலும், வெளியே நீட்டிய இரண்டு முனைகளுக்கு அது ஒரே ஒரு வோல்டேஜும் அதோடு தொடராக ஒரே ஒரு மின்தடையும்தான். பாபநாசம் நீர்மின் நிலையம், முப்பந்தல் காற்றாலைகள், கூடங்குளம், நடுவில் எத்தனையோ டிரான்ஸ்பார்மர்கள். என் பிளக்குக்கு அத்தனையும் சேர்ந்து 220 வோல்ட், 1 ஓம். வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம் (ஏசி) என்பதால், கறாராகச் சொன்னால் இதை மின்தடை என்று சொல்லாமல் இம்பீடன்ஸ் என்று சொல்லவேண்டும். ஹீட்டர் கணக்குக்கு இது போதும்.

இனி வகுப்புக் கணக்கு. 12 வோல்ட் பேட்டரியோடு 6 ஓம், 3 ஓம் இரண்டும் தொடராக இருக்கின்றன. 3 ஓமின் இரு முனையிலிருந்து லோடுக்கு மின்சாரம் எடுக்கிறோம். லோடு இல்லாதபோது அங்கே 4 வோல்ட். பேட்டரி இருந்த இடத்தில் வெறும் கம்பியைப் போட்டு முனைகளிலிருந்து உள்ளே பார்த்தால், 6ம் 3ம் பக்க இணைப்பாகி 2 ஓம். ஆக, 4 வோல்ட், 2 ஓம். இதையே 2 ஆம்பியர் (4 வோல்ட்டை 2 ஓமால் வகுத்தது) மின்னோட்ட மூலத்தோடு பக்க இணைப்பில் 2 ஓம் என்றும் எழுதலாம். அது நார்ட்டன் வடிவம், 1926இல் வந்தது.

லோடுக்கு அதிகபட்ச பவர் எப்போது கிடைக்கும்? லோடும் 2 ஓமாக இருக்கும்போது. 1 ஆம்பியர் ஓடும், 2 வாட் கிடைக்கும். லோடை 1 ஓமாகக் குறைத்தால் 1.78 வாட். 4 ஓமாகக் கூட்டினாலும் அதே 1.78தான். ஒரு பக்கம் போனால் வோல்டேஜ் படுத்துவிடுகிறது, மறுபக்கம் போனால் கரண்ட் சுருங்கிவிடுகிறது.

மாணவர்கள் வழுக்குவது இதற்கு அப்புறம்தான். லோடும் உள் மின்தடையும் சமம், அதனால் பாதி பவர் லோடுக்கு, பாதி வீண் என்று எழுதிவிடுவார்கள். 4 வோல்ட், 2 ஓம் என்று சுருக்கிய சமானச் சுற்றில் அது சரி. நிஜச் சுற்றில் அந்த நேரம் பேட்டரி 20 வாட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. லோடுக்குப் போவது அதே 2 வாட், பத்தில் ஒரு பங்கு! லோடே இல்லாதபோதும் பேட்டரி 16 வாட்டை வீணாக்குகிறது. சமானச் சுற்றிலோ அப்போது பூஜ்யம். வெளியே இருப்பவருக்குத்தான் இரண்டும் ஒன்று. உள்ளே எவ்வளவு சூடாகிறது என்று இது சொல்லாது.

என் வீட்டு லைனிலிருந்து அதிகபட்ச பவர் எடுக்க ஆசைப்பட்டால் 1 ஓம் லோடு வேண்டும். 110 ஆம்பியர், 110 வோல்ட், லோடில் 12,100 வாட், வழியிலும் அதே 12,100 வாட் சூடு. அதற்கு முன்பே ஃபியூஸ் போய்விடும். கரண்ட் லைனில் யாரும் லோடும் உள் மின்தடையும் சமமாக இருக்கவேண்டும் என்ற இந்த விதியைத் தேடுவதில்லை. உள் மின்தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. விதி உதவுவது ரேடியோ ஆன்டெனா மாதிரி, வருவதே கொஞ்சம் என்ற இடத்தில். ராதாபுரம் பக்கத்துத் தோட்டத்தில் ஓடும் சோலார் பம்ப்செட்டும் அந்த ஜாதிதான். ஆனால் சோலார் தகடு நேர்கோட்டில் நடக்காது, வெயிலும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அதனால் கன்ட்ரோலர் கணக்குப் போட்டு உட்காராமல், கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, பவர் எங்கே உச்சம் என்று தடவிக்கொண்டே இருக்கும்.

அண்ணாச்சி மெயினை அணைத்துவிட்டு மீட்டர் போர்டைக் கழற்றினார். ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, வயரின் தோல் கருகியிருந்தது. நுனியை வெட்டிச் சீவி, முடுக்கி, மறுபடி ஹீட்டரைப் போட்டோம். இந்த முறை 216. உள் மின்தடை 0.4 ஓமாகிவிட்டது. போன 0.6 ஓம் அந்த ஸ்க்ரூவில்தான் இருந்திருக்கிறது; 10 ஆம்பியர் ஓடும்போதெல்லாம் அந்தப் பொட்டு இடத்தில் 60 வாட் சூடு.

"தோல் கருகாம என்ன செய்யும்?" என்றார் அண்ணாச்சி.